ஒன்றரைப் பூஸ்

அமலநாதனுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. மாதா கோவிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போதுகூட அவன் வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். முப்பத்தாறு வயதுக்குள் பஞ்சாலை, ரயில் ஷெட், துறைமுகப் பாலம், ஐஸ் ஃபாக்டரி என்று ஏழு வேலை பார்த்தாயிற்று. யாரும் அவனை விலக்கவில்லை. ஒரு வேலை கைக்குப் பழகிய மறுவாரமே அது அவனுக்குக் கசந்துவிடும், அவ்வளவுதான். அவன் விட்டு வந்த வேலைகளை எண்ணியே அவன் மனைவி பெர்னதெத்துக்குத் தலைமுடி நரைத்தது.

மூன்று வருஷமாக அவன் விடாமல் பிடித்திருந்தது ஒன்றே ஒன்று. முதலியார்பேட்டை வீட்டின் பின்புறம், காலியான மாட்டுக்கொட்டகையில், அவன் ஒரு மோட்டார் வண்டி கட்டிக்கொண்டிருந்தான். அடிச்சட்டமும் கியர்ப் பெட்டியும் பிரெஞ்சு சர்க்காரில் பத்திரம் எழுதும் நொத்தேர் ஒருவர் வீட்டில் கழித்துப் போட்ட பிரெஞ்சுக் காருடையவை. எஞ்சின், கடலூர்ப் பக்கம் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த இங்கிலீஷ் லாரியுடையது. மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. பக்கத் தகடெல்லாம் மண்ணெண்ணெய் டின், உட்காரும் பலகையெல்லாம் ஒயின் பீப்பாய். தரையோடு தரையாகத் தாழ்ந்த வண்டி. ஊரில் இருக்கிற எல்லாக் காரையும் இது முந்தும் என்பான். பெர்னதெத் அதை ஜென்ம விரோதியைப் போலப் பார்த்தாள்.

வண்டி ஓடவில்லை. இங்கிலீஷ் எஞ்சினையும் பிரெஞ்சு கியர்ப் பெட்டியையும் சேர்க்கிற ஒரு கையகல எஃகுக் குழல்தான் பாக்கி. கடலூர் ரோட்டில் கடைசல் பட்டறை வைத்திருந்த அம்மாவாசை மூன்று முறை அதைக் கடைந்து கொடுத்தார். மூன்று முறையும், மில்லிமேத்துருவில் எழுதிக் கொடுத்த கியர்ப் பெட்டிப் பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. பூஸ் என்ற கட்டைவிரல் அளவில் எழுதிய எஞ்சின் பக்கம் ஒரு நெல் நுழைகிற அளவுக்கு ஆடியது. அமலநாதன் தகரத்தைச் சுற்றி இறுக்கிப் பார்த்தான். குழல் அலறிக்கொண்டு பிய்த்துக்கொண்டு போய்க் கொட்டகைக் கூரையைத் துளைத்தது.

"ஒன்றரை பூஸ்னு சொன்னா ஒன்றரைக்கு மேல கடையறான்! கண்ணு அவிஞ்சு போச்சா அந்தாளுக்கு?" என்று அமலநாதன் குதித்தான்.

"என் கோல்ல அச்சா ஒன்றரை. அளக்கத் தெரியாதவன் எஞ்சினப் பிரிக்கக் கூடாது" என்று அம்மாவாசை சொல்லியனுப்பினார்.

இரண்டு பேரும் அவரவர் அளவுகோல்மேல் சத்தியம் செய்தார்கள். கோல்கள் இரண்டும் ஓரிடத்தில் சேரவே இல்லை. அமலநாதன் பட்டறை வாசலில் அளவுச் சீட்டை நீட்டிவிட்டு, "இருந்து பாத்துட்டுப் போப்பா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனை தாண்டியிருப்பான்.

அந்தச் சமயம் பார்த்து சைகோனிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஆர்செனால் என்ற கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அவன் தம்பி மிக்கேல், இடம் காலியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக் கப்பலைப் பிடித்து வா என்று எழுதியிருந்தான்.

அமலநாதன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "வெள்ளிக்கெழமைக்குள்ள வண்டி ஓடுச்சுன்னா இங்க இருக்கேன். இல்லன்னா சைகோனு. நீ பின்னால வா."

பெர்னதெத் சுவருக்கு அப்பால் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆயம்மாவிடமும் அவள் புருஷன் இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுக் கப்பலேறினான். ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் அவள் கப்பல் வரும் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் புதன்கிழமை. தைத்துக்கொண்டிருந்த கவுனைப் பாதியில் வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட எடுக்க மறந்து, பெர்னதெத் பட்டறைக்கு நடந்தாள். மூன்று வருஷமாக அந்த வண்டி ஒழிய வேண்டும் என்று செபமாலை சொன்னவள், இப்போது அது ஓட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"வாம்மா. உன் வூட்டுக்காரரு என்னைக் குருடன்றாரு. நீயே பாரு" என்று அம்மாவாசை ஒரு பித்தளைக் கோலை எடுத்து நீட்டினார். அவர் அப்பா கப்பல் தச்சரிடம் வேலை பார்த்த காலத்தது. ஓரத்தில் 'பூஸ்' என்று பிரெஞ்சில் வெட்டியிருந்தது.

பெர்னதெத் அதைப் பார்த்தாள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி சற்று அதிகமாகத் தெரிந்தது. கழுத்திலிருந்த டேப்பை எடுத்துப் பக்கத்தில் நீட்டினாள். கோலில் பன்னிரண்டு முடிந்த இடத்தில், டேப்பின் இங்கிலீஷ் இஞ்சுப் பக்கம் பதிமூன்றைத் தொட வந்தது.

அவளுக்கு மடத்துத் தையல் கூடம் நினைவுக்கு வந்தது. மசேர் என்று கூப்பிடும் கிழட்டுக் கன்னியாஸ்திரீ ஒருத்தி பிரான்சிலிருந்து கொண்டுவந்த, பூஸ் கோடு போட்ட தந்தக் கோலை வைத்துக்கொண்டு லேஸ் பின்னச் சொல்வாள். இங்கிலீஷ் இஞ்சில் போட்ட அளவை அந்தக் கோலால் அளந்து துணியை வெட்டிவிட்டு, பெர்னதெத் விரல் முட்டியில் அடி வாங்கியிருக்கிறாள். பன்னிரண்டு வயதில் வாங்கிய அடி இப்போது உதவிக்கு வந்தது.

"அண்ணே, இது பழைய பிரான்சு பூஸ். எஞ்சின் இங்கிலீஷ்காரனுது, இஞ்சில செஞ்சது. இவரு வேலை பாத்த மில்லுல பிரெஞ்சுத் தொரைங்க இஞ்சையும் பூஸ்னுதான் சொல்வாங்க. அதான் இவரும் அப்படியே எழுதியிருக்காரு."

அம்மாவாசை கோலையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு இல்லயா?"

"இல்லண்ணே."

"அப்ப நானும் குருடன் இல்ல, அவரும் அளக்கத் தெரியாதவரு இல்ல."

"அவரு கிட்ட சொல்லாதீங்க. சொன்னா, யாரு மேல தப்புன்னு மறுபடியும் சண்டைக்கு நிப்பீங்க. வெள்ளிக்கெழம தாண்டிடும்."

டேப்பின் இன்னொரு பக்கத்தைக் காட்டி, ஒன்றரை இஞ்சு என்றால் முப்பத்தெட்டு மில்லிமேத்துருக்கு மயிரிழை கூட என்று குறித்துக் கொடுத்தாள். அவர் கடைந்து முடிக்கும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்கு நன்றாக வரும்.

வெள்ளிக்கிழமை காலை குழல் இரண்டு பக்கமும் பொருந்தியது. அமலநாதன் கம்பியைப் போட்டுச் சுழற்ற, கொட்டகை குலுங்கியது, ஆயம்மா வீட்டுக் கோழியெல்லாம் கூரையேறியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "கடைசியில அந்தாளு அளக்கக் கத்துக்கிட்டான் பாரு!" என்று கூவினான். பெர்னதெத் பீப்பாய்ப் பலகையைத் துடைத்தாள்.

பீப்பாய்ப் பலகையில் அவளை ஏற்றிக்கொண்டு தவளக்குப்பம்வரை ஓட்டினான். சந்தை ஜனம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. முந்தானை காற்றில் பறக்க, அவள் சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள். திரும்பி வரும்போது கடற்கரைப் பக்கம் கப்பலின் சங்கு ஊதியது. அவன் தலையைத் திருப்பவில்லை. இத்தனை வருஷத்தில் தனக்கு அவன்மேல் இவ்வளவு ஆசை இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

பத்து நாள் போயிற்று. தெருவில் எல்லாரும் வண்டியைப் பார்த்தாயிற்று. ஞாயிறு பூசையில் பிரசங்கம் நடக்கும்போது, ஆண்கள் பக்கம் அந்த முழங்கால் ஆடுவதை அவள் பார்த்தாள்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் சொன்னான்: "அடுத்த சைகோன் கப்பல் எப்பன்னு கேட்டுட்டு வந்தேன். சும்மாதான்."

 வண்டி ஓடினால் இவன் இருப்பான் என்று நம்பியிருந்தாளே! ஓடாத வண்டிதான் மூன்று வருஷம் இவனைக் கட்டிப் போட்டிருந்தது. அந்தக் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

குழம்பை ஊற்றினாள். "வண்டி நல்லாத்தாங்க ஓடுது. ஆனா வேகந்தான் பத்தல. அன்னைக்கு நொத்தேரோட புதுக் காரு நம்மள முந்திடுச்சே, பாக்கலியா?"

ஆடிக்கொண்டிருந்த முழங்கால் நின்றது.

"முந்திச்சா? எப்ப?"

"நீங்க சந்தை ஜனத்தத்தானே பாத்தீங்க."

பாதிச் சோற்றில் எழுந்து கொட்டகைக்கு ஓடினான். எஞ்சினோடு சேரும் பல்சக்கரம் பெரிதாக இருந்தால் வேகம் கூடும் என்று அங்கிருந்தே கத்தினான். உட்கார்ந்து எழுத அவனுக்கு ஏது பொறுமை? "நடுத் துளை ரெண்டேகாலு, நீயே சீட்டு எழுதிடு பெர்னதெத்து!"

எழுதினாள். மறுநாள் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மாவாசை சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பூஸ்னு போட்டிருக்குதேம்மா. இஞ்சுதானே?"

பெர்னதெத் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எழுதினபடியே கடைஞ்சு குடுங்கண்ணே. உங்க அப்பா கோல்லயே."