ஆளில்லாத முனையில் ஒரு வளைவு

எங்கள் வியாபாரிகள் சங்கம் மயிலம்மாளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தது. மூன்று மாதச் சம்பளம்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். முசிறியிலிருந்து வாழைத்தார் லாரியில் தொற்றிக்கொண்டு வந்தேன். இன்று சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு பாத்திரக்கடைக்கு முதலாளி. ஒருத்தன் கூலியையும் ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை. அதனால் கேட்கிற உரிமை எனக்கு உண்டு.

மயிலம்மாள் எடமலைப்பட்டி புதூர்க்காரி. புருஷன் போனபிறகு சித்தாள் வேலை பார்த்தாள். முட்டி தேய்ந்ததும் எங்கள் கடைத்தெருவுக்கு வந்தாள். காலையில் தெருவைக் கூட்டுவாள். பிறகு பொழுது சாயும்வரை சங்கத்துக் கழிவறைதான் அவள் பொறுப்பு. சாவி இடுப்பிலேயே தொங்கும். தெருவில் அட்டைப்பெட்டியை வீசினால் முதலாளி என்று பார்க்க மாட்டாள். "ஏங்க, கல்லாவுல உட்கார்ந்தா கண்ணு தெரியாதா?" என்று என்னையே கேட்டிருக்கிறாள். இந்தச் சம்பளத்தில்தான் மகள் ஜோதியை நர்ஸ் படிப்பு படிக்கவைக்கிறாள். இப்போது ஜோதிக்குப் பரீட்சைப் பணம் கட்டவேண்டும்.

வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. பையோடு இறங்கி அவசரமாகக் குடம் வாங்கிப்போன கூட்டம் இனி வராது. ஸ்ரீரங்கத்துப் பெண்கள் டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். குழந்தைகளோடு நிதானமாகச் சுற்றுகிறார்கள். அவர்களுக்கு நிழல் வேண்டாமா? உட்கார இடம், சுத்தமான கழிவறை வேண்டாமா? சங்கம் என்ன செய்தது? தீபாவளிக்கு அலங்கார வளைவு கட்டியது! அதுவும் வெளியூர் பஸ் நின்ற முனையில்! காக்காயை வரவேற்கவா?

மயிலம்மாள் சம்பளம் கேட்டபோது தலைவர் தைரியராஜ், "தீபாவளி முடியட்டும்மா" என்றார்.

"பரீட்சை அதுவரைக்கும் நிக்காதுங்க" என்றவள், கழிவறையைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டாள்.

அது சனிக்கிழமை. என் கடையில் ஒரு அம்மாள் அண்டா, தவலை எல்லாம் எடுத்துவைத்துவிட்டார். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. கழிவறையில் பூட்டு. சாமானை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார். பக்கத்து ஜவுளிக்கடையிலும் இதே கதை.

தைரியராஜ் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "சாவியை எடுத்துட்டுப் போயிருச்சுங்க! போலீசுக்குச் சொல்லிருவோமா?"

"சொல்லுங்க தலைவரே. சம்பளம் குடுக்காததையும் சேர்த்துச் சொல்லுங்க."

"பணம் வளைவுக்குப் போயிருச்சுங்களே!"

"அப்ப அந்த வளைவையே கூப்பிட்டுக் கழிவறையைத் திறக்கச் சொல்லுங்க!"

கடைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. "மைக் செட்டுக்குப் பணம் வச்சிருக்கீங்கல்ல? ஆளில்லாத முனையில யாருக்குப் பாட்டுப் போடப்போறீங்க? அதை எடுத்து மயிலம்மா சம்பளத்தைக் குடுங்க. மிச்சத்துல டவுன் பஸ் நிக்கிற முனையில பந்தலும் பெஞ்சும் போடுங்க. இல்லேன்னா இனி என் சந்தா கிடையாது!"

ஜவுளிக்கடைக்காரரும் "எனக்கும் அதேதான்" என்றார்.

தலைவர் சொல்லி அனுப்பியதும் மயிலம்மாள் வந்தாள். தைரியராஜ் பணத்தைக் கட்டாக நீட்டினார்.

"எண்ணிக் குடுங்க. நாளைக்குக் குறையுதுன்னு நான் வந்து நிக்கக் கூடாது."

சாவியை இடுப்பிலேயே விட்டுவிட்டு வலக்கையை விரித்தாள். தலைவர் ஒவ்வொரு நோட்டாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.