கோல் கீப்பரை ஏற்றிவரப் போன கோல் கீப்பர்

புதிய வீரர்களில் யாரை எந்தக் கழகம் எடுக்கும் என்று இந்த வாரம் முழுக்க இந்தப் பக்கத்தில் ஒரே சண்டை!

நாங்களும் ஆள் எடுத்தவர்கள்தான். எழுபதுகளில், மெல்பேர்னில்.

எங்கள் தேர்வு நடந்த இடம் துல்லமரீன் விமான நிலையத்தின் வருகை வாசல்.

நகரத்தில் அப்போது இலங்கைத் தமிழர் மிகச் சிலர். கிழக்குப் பக்கத்தில் ஏழு பேர், மேற்குப் பக்கத்தில் ஏழு பேர் என்று இரண்டு உதைபந்தாட்ட அணிகள். விதி ஒன்றுதான்: புதிதாக வருகிறவரை விமான நிலையத்தில் யார் காரில் ஏற்றுகிறார்களோ, ஆள் அவர்களுடைய அணிக்கு.

(வந்தவரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார்.)

நான் மேற்கு அணி. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் நிருபராகச் சேர்ந்திருந்த புதிது. அந்தத் துணிவில் அணியின் தேவைகள் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி, கார்பன் தாள் வைத்து ஐந்து பிரதி எடுத்தேன்.

முதல் தேவை: கோல் கீப்பர்.

இரண்டாம் தேவை: கோல் கீப்பர்.

மூன்றாவது, முடிந்தால், இடக்காலால் அடிக்கக்கூடிய ஒருவர்.

வரவிருந்தவர்கள் மூவர். முதலாமவர் கணக்காளர். ‘மின்னல் வேகம்’ என்று கடிதத்தில் புகழ்ந்திருந்தவர் அவருடைய மைத்துனர் என்பதால் பாதியைக் கழித்தேன். இரண்டாமவர் நில அளவையாளர். நல்ல ஆட்டக்காரர், ஆனால் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைக்கமாட்டார். மூன்றாமவர் என்ஜினியர் பாலேந்திரன். அவர் அனுப்பியிருந்த தன் அக்காவின் கல்யாணப் படத்தில் அவர் தலை மணவறைத் தோரணத்தை முட்டிக்கொண்டிருந்தது.

பிரதி வாசித்த ஐந்து பேரும் ஒரே முடிவு. இவர்தான்!

சிக்கல் எங்களிடம் ஏற்கெனவே இருந்த கோல் கீப்பர். கனகரத்தினம் அண்ணை. ஐம்பதை நெருங்கியவர். ரோசாச் செடி வெட்ட வாங்கிய கையுறையைப் போட்டுக்கொண்டுதான் கோலுக்கு நிற்பார். “என்ர இடத்திலை வேற ஒருத்தனும் நிக்கேலாது” என்று ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சொல்லுவார்.

அவருடைய வீட்டில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். ஆகவே ஆறாவது பிரதி எடுக்கவில்லை.

அணியில் கார் வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான்!

“ஆள் உயரமோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம் அண்ணை” என்றேன். (பொய் இல்லை.)

சனிக்கிழமை காலை பாலேந்திரனை ஏற்றினோம். கால்களை மடித்து முன் இருக்கையில் வைக்கவே ஐந்து நிமிடம் பிடித்தது. நான் பின்னால் பெட்டிகளோடு.

“தம்பி பந்து விளையாடுறனீரோ?”

“ஓம் அண்ணை. பள்ளிக்கூடத்திலை அஞ்சு வருசம் கோல் கீப்பர்.”

அண்ணை வேகத்தைக் கூட்டினார். எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

“அண்ணை, எங்கட பாதை…”

“தெரியும்.”

நகரத்தைக் கடந்து கிழக்குக் கோடிவரை ஓட்டி, கிழக்கு அணித் தலைவர் டொக்டரின் வாசலில் காரை நிறுத்தினார். அவர்களுடைய கோல் கீப்பர் வேலை மாறிக் கன்பரா போயிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

“டொக்டர், உங்களுக்கு ஆள் இல்லையெண்டு கேள்விப்பட்டன். இந்தாங்கோ.”

டொக்டர் காருக்குள் எட்டிப் பார்த்தார். “இவ்வளவு நெடிய ஆளையோ!”

பாலேந்திரன் மெதுவாக என்னிடம் கேட்டார். “அப்ப நான் இஞ்சையோ இருக்கிறது?”

மூன்று வாரம் கழித்து ஆட்டம். இடைவேளைக்குள் எங்களுக்கு எதிராக நாலு கோல். அதில் மூன்று அண்ணையின் கால்களுக்கு நடுவால். நான் உயிரைக் கொடுத்து அடித்த ஒரு பந்தைப் பாலேந்திரன் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டு, “சுகமோ அண்ணை?” என்று என்னைக் கேட்டார்.

இடைவேளையில் எங்களில் யாரும் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தின்ன வைத்திருந்த பற்றீஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே டொக்டரிடம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

“டொக்டர், இந்தப் பெடியனை எயார்போட்டிலை ஏத்தினது ஆர்?”

“நீங்கள்தான்.”

“அப்ப விதிப்படி அவர் ஆற்ரை ஆள்?”

“இறக்கினது எங்கட வீட்டிலையெல்லோ!”

“இறக்கினது கணக்கில்லை. ஏத்தினதுதான் கணக்கு.”

நாலு கோல் முன்னால் நின்றதால் டொக்டருக்குத் தாராள மனம். “சரி, கொண்டு போங்கோ. ஆனா எங்களுக்கு ஆறு பேர்தான் மிஞ்சும். கோலுக்கு ஆர் நிக்கிறது?”

அண்ணை கொஞ்ச நேரம் தன் கையுறையைப் பார்த்தார். அதைக் கழற்றுவார் என்று நினைத்தேன். இன்னும் இறுக்கிப் போட்டார்.

“நான் நிக்கிறன்.”

டொக்டர் சம்மதித்துவிட்டார்! (மருத்துவத்தில் கெட்டிக்காரர்.)

இரண்டாம் பாதியில் பாலேந்திரனைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. அண்ணையைத் தாண்டி ஐந்து போனது. ஐந்தாவது, நான் உண்மையில் பக்கத்தில் நின்றவருக்குத் தள்ளிய பந்து.

ஐந்துக்கு நாலு. வென்றோம்!

விசில் ஊதியதும் அண்ணை கிழக்கு அணியின் கோலிலிருந்து ஓடிவந்து, எங்களைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். டொக்டர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீடு திரும்பும்போது கேட்டேன். நிருபர் இல்லையா?

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. வேணுமெண்டுதானே விட்டனீங்கள்?”

பிரேக் போட்டுக் காரை ஓரம் கட்டினார். அவ்வளவு கோபமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“விசர்க் கதை கதையாதையும்! அஞ்சையும் பிடிக்கத்தான் பாஞ்சனான்!”

மைதானத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் பதிவு செய்கிறேன்: ஐந்துக்கும் பாய்ந்தார்.

நீங்கள் நம்புகிறீர்களா?