சர்வே அக்கா வீட்டில் ஸ்ட்ராபெரி வாசனை

சாத்திய கதவைக் கண்டால் சர்வே அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. உள்ளே யார், என்ன செய்கிறார்கள், எதற்காகச் சாத்தினார்கள் என்று தெரிந்தாக வேண்டும். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போனால், அந்த வீட்டுக் கதை முழுவதையும் வாங்கிக்கொண்டு சர்க்கரையை மறந்துவிட்டு வருவாள். அவள் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அந்தக் குணத்துக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க ஓர் ஆபீஸ் இருக்கிறது என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் ஒரு சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள். எந்த சோப்பு, எத்தனை பேர் தேய்க்கிறீர்கள் என்று கேட்டாள். சோப்பு விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை, அதனால் சீக்கிரமே சலித்துவிட்டது. பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. நாடு முழுவதும் யார் யார் சிகரெட் பிடிக்கிறார்கள், யார் யார் அந்த மின் சிகரெட்டை இழுக்கிறார்கள் என்று வருஷா வருஷம் எடுக்கிற கணக்கெடுப்பு. இதில் ஆளுக்கு ஆள் பொய் சொன்னார்கள். சர்வே அக்காவுக்கு வாழ்க்கையில் ருசி வந்தது.

வேலை இதுதான். தலைமை ஆபீஸ் சொல்கிற வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் பெயரை டேப்லெட்டில் ஏற்றினால் அதுவே சீட்டுக் குலுக்கி ஒருவரை எடுத்துக் கொடுக்கும். அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பெண்டாட்டியோ, அப்பாவோ, மாமியாரோ, யாராக இருந்தாலும் வெளியே. 'பிடிப்பதில்லை' என்று சொன்னால் டேப்லெட் அடுத்தடுத்த கேள்விகளை எல்லாம் தாண்டிப் போய்விடும். 'ஆமாம்' என்றால்தான் பையிலிருந்து பட அட்டைகள் வெளியே வரும். லேமினேட் செய்த கெட்டி அட்டைகள். ஒரு கட்டில் சிகரெட் வகைகள், இன்னொரு கட்டில் பேனா மாதிரி, பென்டிரைவ் மாதிரி, லிப்ஸ்டிக் மாதிரி இருக்கிற மின் சிகரெட் வகைகள். எது என்று தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

எத்தனை மனிதர்களைப் பார்த்தாள்! "விட்டு ரொம்ப நாளாச்சு மேடம்" என்று சொன்ன டாக்சி டிரைவரின் மூடிய கைக்குள் இருந்து மின் சிகரெட்டின் பச்சை விளக்கு மினுக்கியது. மகனுக்குப் பதில் தானே பதில் சொல்லத் துடித்த ஓர் அம்மா, "அவன் பால் கூட ஆத்தித்தான் குடிப்பான்" என்றாள். கதவைச் சாத்தியதும் அந்தப் பையன் இரண்டு கட்டு அட்டையிலும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டே போனான். சிகரெட்டை விடுவதற்காக மின் சிகரெட் வாங்கி, கடைசியில் இரண்டையும் விட முடியாமல் சிக்கிக்கொண்ட ஒரு பேங்க் மேனேஜர், "ஒரு பேயை ஓட்ட இன்னொரு பேயைக் கூட்டிட்டு வந்தேன்மா" என்று சிரித்தார். சிரிப்பு கண்வரை எட்டவில்லை.

வருஷக் கடைசியில் கணக்கு வெளிவரும். நூற்றுக்கு இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இந்த வயதில் இது, அந்த வயதில் அது என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். அதைப் பார்க்கும்போது அவளுக்குப் பெருமையாக இருக்கும். இந்த எண்ணுக்குள் என் டாக்சிக்காரர் இருக்கிறார், அந்த எண்ணுக்குள் என் பேங்க் மேனேஜர் இருக்கிறார் என்று விரல் வைத்துப் பார்ப்பாள். ஐம்பது தாண்டிய பெண்களின் கட்டத்தில் மட்டும் விரல் நிற்காது. அங்கே இருந்த எண் அவ்வளவு சின்னது. அந்த வயதுப் பெண்கள் யாராவது சீட்டில் விழுந்தால் சர்வே அக்காவுக்குக் கொண்டாட்டம். "நீங்க பிடிக்க மாட்டீங்கல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். கேள்வி முடிவதற்குள் விரல் 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டிருக்கும். அந்த அம்மாளும் சிரித்துத் தலையாட்டுவாள். அடுத்த வீடு.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். சர்வே அக்கா துள்ளி விழுந்த கதை அவளுடைய சொந்த வீட்டில் நடந்தது.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவர், கணவரின் அக்கா. கணவர் மின்சார மீட்டர் பழுது பார்க்கிறவர். ஒரு காலத்தில் ரயில் இன்ஜின் மாதிரி புகை விட்டவர். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகு, "இனிமே தொட்டா ஏன்னு கேளு" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவளும் சொல்லிவிட்டாள்: "கேக்க மாட்டேன். பெட்டியைக் கட்டிட்டுப் போயிடுவேன். ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுத அழுகை எனக்கு ஒரு தடவை போதும்." அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டின் குளியலறையில் ஒருநாள் ஸ்ட்ராபெரி வாசனை வந்தது. காலேஜ் பையன்களின் அறைகளில் அவள் முகர்ந்து முகர்ந்து பழகிய அதே வாசனை. கணவரின் சட்டையை முகர்ந்தாள். பையைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, கணக்கு இருக்கிறதே! முன்பு சிகரெட் பிடித்து, உடம்புக்கு வந்ததும் அதை விட்டவர்கள், இந்த வயது, ஆண். அவள் போன தெருக்களில் இப்படிப்பட்டவர்கள்தான் வரிசையாக மின் சிகரெட்டுக்கு மாறியிருந்தார்கள். கட்டத்துக்குக் கட்டம் பொருந்தியது. தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"சத்தியமா நான் இல்ல" என்றார் அவர்.

"அப்போ குளியலறைச் சுவரு பிடிக்குதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலை குனிந்தால் குற்றம் என்பது சர்வே அக்காவின் அனுபவம். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு, சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதோடு நின்றது. அலமாரி மேலிருந்த பெட்டியைக் கீழே இறக்கி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அவர் கண்ணில் படட்டும் என்றுதான். ஆனால் ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் வலித்தது அவளுக்குத்தான்.

இந்த நிலைமையில் ஒரு விடுமுறை நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால், கழுத்தில் ஆபீஸ் அட்டை, தோளில் பை. அவளிடமே வேலை கற்றுக்கொண்டு இப்போது வேறு குழுவில் இருக்கிற கண்ணாடிக்காரப் பெண்.

"அக்கா! உங்க வீடா இது? லிஸ்ட்ல வந்திருக்கே."

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். "அவங்களை மட்டும் விட்டுட்டு, மிச்ச ரெண்டு பேர்ல எடு" என்றார் அவர். சர்வே அக்கா கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். கேட்டும் வராத பதிலை இந்த டேப்லெட் வாங்கித் தரப்போகிறது. பதில் காதில் விழாது, விழவும் கூடாது. ஆனால் பட அட்டை வெளியே வருகிறதா இல்லையா என்பது போதுமே! 'இவரை எடு, இவரை எடு' என்று டேப்லெட்டைப் பார்த்து மனசுக்குள் மன்றாடினாள்.

டேப்லெட் அவள் நாத்தனாரை எடுத்தது.

சர்வே அக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அண்ணியாம் அண்ணி! தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவள். நாளெல்லாம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் கையை விட்டு இறக்காமல், யார் வம்புக்கும் போகாமல் இருக்கிறவள்.

"அண்ணிகிட்ட என்னத்தைக் கேக்கப் போற? 'இல்லை'ன்னு போட்டுட்டுக் கிளம்பு. உனக்கும் ஒரு வீடு மிச்சம்" என்றாள்.

"கேட்டுட்டே போட்டுடறேன்க்கா" என்ற பெண், சங்கடத்தோடு நெளிந்தாள். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம்... வெளிய இருக்கீங்களா? சொந்த மாமியாரா இருந்தாலும் வெளிய அனுப்புன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக, சர்வே அக்கா கேள்வி கேட்கப்படுகிற அறைக்கு வெளியே நின்றாள். அவள் முகத்துக்கு நேராகக் கதவு சாத்தப்பட்டது.

சமையலறையில் குக்கரை ஏற்றினாள். கணவர் ஜன்னல் ஓரமாக நின்று, ஏற்கெனவே துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. 'பார், தன்னைப் பற்றி அக்கா உளறிவிடுவாளோ என்று பயம்' என்று நினைத்துக்கொண்டாள். பிடிக்காத பெண்களின் பேட்டி முதல் விசிலுக்குள் முடிந்துவிடும். அது அவளுக்கு அத்துப்படி.

முதல் விசில் வந்தது. கதவு திறக்கவில்லை.

இரண்டாவது விசிலும் வந்தது. புதுப் பெண் அல்லவா, தடுமாறுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து அடுப்பைத் தணித்தாள். சமையலறை அமைதியானது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேஜை மேல் கெட்டி அட்டை விழுகிற சத்தம். 'டப்'.

அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், 'டப்'. இரண்டாவது கட்டு.

அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. ஆயிரம் மேஜைகளில் அதைப் போட்டவள் அவள். ஒரு கட்டு வந்தால் ஒன்று. இரண்டு கட்டும் வந்தால் இரண்டும். எப்போது ஆரம்பித்தீர்கள், எத்தனை தடவை விடப் பார்த்தீர்கள், வீட்டுக்குத் தெரியுமா என்று கேள்வி நீண்டுகொண்டே போகும்.

மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் பழுது பார்க்கிறவருக்கு அட்டைச் சத்தம் புரியாது. ஆனால் பெண்டாட்டி முகம் புரிந்தது.

"நீங்க இல்லையா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இல்லன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"அண்ணின்னு ஒரு தடவயாவது சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்ல? அவ சம்பளத்துல படிச்சவன் நான். அவ ரகசியத்த நான் வெளிய சொல்லவா? என்னைத் திட்டுற, திட்டிட்டுப் போன்னு விட்டுட்டேன். பெட்டியக் கீழ இறக்கினதுல இருந்துதான் பயமா இருந்துச்சு."

அவளுக்கு வெட்கமாக இருந்தது, அவர் மேல் அளவில்லாத பிரியமாகவும் இருந்தது. அவர் கையிலிருந்த ஈரத் துணியைப் பிடுங்கி, வேர்த்திருந்த நெற்றியைத் துடைத்துவிட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவளுக்கு எப்போதும் லேசில் வராது.

கதவு திறந்தது. கண்ணாடிக்காரப் பெண்ணின் முகத்தில் ஒன்றும் இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று சர்வே அக்கா பல்லைக் கடித்தாள். எத்தனை வருஷமா, எந்த மாடல், யார் பழக்கினது என்று நாக்கு நுனியில் கேள்விகள் தவித்தன. "ஒத்துழைப்புக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போயேவிட்டாள்.

உள்ளே அண்ணி மூக்குக் கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடு திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வெள்ளிப் பேனா மாதிரி ஒன்று. பட அட்டையில் அதைத் தினமும் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த சர்வே அக்கா, சொந்த வீட்டில் இந்தக் கூட்டை எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"நல்ல பொண்ணு. மரியாதையா கேட்டா" என்றாள் அண்ணி. "நைட் டூட்டில தூக்கம் வராம இருக்க ஆரம்பிச்சது. மொட்டை மாடியில நாலு பேரு, ஒரு சிகரெட். தம்பிக்கு நெஞ்சைத் திறந்த அன்னைக்கு, இவன் இருக்கற வீட்ல புகை வேணாம்னு இதுக்கு மாறினேன். ஆனாலும் கடைக்குப் போறப்போ ஒண்ணு பத்த வெச்சிடறேன். முழுசா விட முடியல."

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

அண்ணி கூட்டை மூடினாள். கோபம் இல்லை, கேலி கூட இல்லை.

"ஊரெல்லாம் போய்க் கேக்கறவ நீ. ஒரே வீட்ல இருக்கோம். ஒரு நாள் நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சர்வே அக்கா பெட்டியை அலமாரி மேல் திரும்ப ஏற்றிவைத்தாள். ஆனால் அண்ணியின் அந்த வார்த்தை இறங்க மாட்டேன் என்றது. கேட்பதற்கு முன்பே தன் விரல் தொட்ட 'இல்லை'கள் எத்தனையோ! கணக்குப் புத்தகத்தின் அந்தக் குட்டி எண்ணை அவள்தான் குட்டியாக்கி வைத்திருந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போன முதல் வீட்டில், ஐம்பது தாண்டிய ஓர் அம்மாள் சீட்டில் விழுந்தாள். டீச்சர் மாதிரி முகம், வாரி முடித்த நரை. மருமகள் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அத்தைகிட்ட என்ன இருக்கு கேக்க?" என்று சிரித்தாள். அவளை வெளியே போகச் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. இத்தனை நாளும், இந்த வயதுக்காரர்களுக்கு எதற்கு அந்த மெனக்கெடு என்று சர்வே அக்கா விட்டுவிடுவாள். இன்றைக்கு அனுப்பினாள். விரலை டேப்லெட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிரிக்காமல், அவசரப்படாமல் கேட்டாள்.

"நீங்க சிகரெட் பிடிக்கிறதுண்டா?"

அந்த அம்மாள் சர்வே அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மருமகள் போன பக்கம் பார்த்தாள்.

"அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துறீங்களா?" என்றாள்.