கோசோவில் ஒரு பென்டில் ஹில்காரர்

மால்டாவிலிருந்து கோசோ தீவுக்குப் போகும் கப்பலில் ஏறும்போது எங்களிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. திரும்பும்போது கொடுத்தால் போதுமாம். சிட்னி ரயிலில் ஏறவும் அட்டை, இறங்கவும் அட்டை என்று தட்டித் தட்டியே தலை நரைத்த என் கணவருக்கு இது பொறுக்கவில்லை. கப்பல் புறப்பட்ட பிறகும் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் அலைந்து, கோப்பி விற்ற பெண்ணிடம் போய், நாங்கள் இரண்டு பேர், காசு கட்ட வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அவள் சிரித்தபடி இரண்டு கோப்பி ஊற்றிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டாள்.

அவர் ஓய்வுபெற்றதைக் கொண்டாடத்தான் இந்தப் பயணம். கொண்டாட்டத்தோடு ஒரு சச்சரவும் கூடவே வந்திருந்தது. சிட்னியில் நார்த்மீட்டில் உள்ள எங்கள் வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர் கட்சி. பேத்தி பள்ளிக்கூடம் தொடங்கப்போகிற நேரத்தில் நான் ஓரிடமும் வரமாட்டேன் என்பது என் கட்சி. புறப்படுவதற்கு முதல் வாரம்கூட மேசையில் தாளை விரித்து வீட்டுப் படம் கீறிக்கொண்டிருந்தார்.

"குசினியை உங்கட உயரத்துக்குக் கீறுங்கோ. சமைக்கப்போறது நீங்கள்தானே" என்றேன். அன்றைக்கு அந்தப் படம் முடியவில்லை.

கோசோவில் பஸ்ஸை விட்டிறங்கி ஒரு ஊருக்குள் நடந்தோம். தேன்நிறக் கல்வீடுகள். அவற்றில் ஒன்றின் கேற்றில் இரண்டு கல் கங்காருகள். சுவரில், கடவுள் ஆஸ்திரேலியாவை ஆசீர்வதிக்கட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை. இவர் படம் எடுக்கத் தொடங்கவும், பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். "யாழ்ப்பாணம், ஸ்ரீலங்கா" என்றார் இவர், வழக்கம்போல. அந்த ஊரைத் தெரிந்த குறி எதுவும் முதியவரின் முகத்தில் இல்லை. நான் "நார்த்மீட்" என்றேன்.

அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். "நார்த்மீட்டா? நான் பென்டில் ஹில், மேட்" என்றார், சுத்தமான மேற்கு சிட்னி ஆங்கிலத்தில்.

பெயர் ஜோ. சிட்னியில் எங்கள் பக்கத்துப் பகுதியான பென்டில் ஹில்லில் வாழ்ந்து, கட்டட வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, பிறந்த ஊருக்கே திரும்பியவர். கதிரை போட்டு எலுமிச்சைத் தண்ணீர் தந்தார். பென்டில் ஹில் ஸ்டேஷன் பக்கம் ஒரு மால்டாக்காரரின் பேக்கரி இருந்ததே, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

"அது இப்ப எங்கட ஆக்களின்ர கடை. இடியப்பம் விக்கினம்" என்று என்னிடம் தமிழில் சொன்ன இவர், அதையே பெருமையோடு ஆங்கிலத்தில் அவருக்கும் சொன்னார். சொன்ன பிறகுதான் ஜோவின் முகத்தைப் பார்த்தார்.

பேச்சை மாற்ற இவர், திரும்பி வந்தது நல்லதாகப் போயிற்றா என்று கேட்டார். காலையில் நல்லது என்றார் ஜோ. கடல், சர்ச், கூடப் படித்தவர்கள். பின்னேரம்தான் கஷ்டம், பேரனோடு பேச ஆசை வரும் நேரத்தில் அவன் அங்கே நித்திரை. சிட்னியில் எல்லோருக்கும் அவர் மால்டிஸ் ஜோ. இங்கே ஊருக்கே அவர் ஆஸ்திரேலியன். மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சிட்னிக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறார். இந்த முறை எப்போது வருவார் என்று இன்னும் சொல்லவில்லையாம்.

கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வெயில் தொப்பி தொங்கியது. வாதத்தில் வென்ற சந்தோஷம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விடைபெறும்போது ஜோ அந்தச் சாப்பாட்டின் பெயரைத் திரும்பக் கேட்டார். "இடியப்பம்" என்றேன். "ஈடி ஆப்பம்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, மனைவியை அங்கே வாங்கிச் சாப்பிடச் சொல்வதாகச் சொன்னார்.

திரும்பும் கப்பலில் இவர் டிக்கெட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "விடும் அந்த வீட்டுக் கதையை. பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்கிறாள்" என்றார்.

"ஏன் விடவேணும்? ஒருக்காப் போய் மூண்டு மாதம் இருந்து பாப்பம்."

"உமக்கு அந்த வெக்கை ஒத்துவராது."

"உங்களுக்கு மட்டும் ஒத்துவருமோ?"

இவ்வளவு காலமும் அவரவர் கட்சிக்குச் சண்டை பிடித்தோம். இப்போது ஆளுக்காள் மற்றவரின் கட்சிக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். மேல்தட்டில் உட்காரும் வாங்குகள் முதுகோடு முதுகாகப் போடப்பட்டிருந்தன. அவர் விட்டுவந்த தீவைப் பார்த்தபடி ஒரு பக்கம் உட்கார்ந்தார். நான் வரப்போகும் கரையைப் பார்த்தபடி மறுபக்கம். கப்பல் ஆடிய ஒவ்வொரு முறையும் எங்கள் தலைகள் மெல்ல முட்டிக்கொண்டன. இருவரும் நகர்ந்து உட்காரவில்லை.