இடது கண் துடித்த நாட்கள்

எனக்கு இடது கண் துடித்தபோது வரிசை வீடுகளான எங்கள் லயமே சந்தோஷப்பட்டது. பொம்பளைக்கு இடது கண் துடித்தால் நல்லது, ஆம்பளைக்கு வலது கண். மாறித் துடித்தால் வீட்டுக்கு ஆகாது. எங்கள் ஆட்களில் இதை அறியாத பிள்ளைகூடக் கிடையாது.

தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் முடிந்திருந்த சமயம் அது. தகராறில் யாரோ எறிந்த கல் ஒரு கங்காணியின் மண்டையை உடைத்துவிட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டிலேயே போலீஸ் வந்து சில ஆம்பளைகளை ஜீப்பில் ஏற்றியது. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். கல் எறிகிற ஆளா அவர்? நாய் குரைத்தால் பாதையை விட்டு ஒதுங்கி நடக்கிறவர். மற்றவர்களெல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை. கண்டிப் பக்கம் கொண்டுபோய் அடைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

தேடிப் போனேன். சிறை வாசலில் காவல் நின்றவன் "ஹெட்ட என்ட" என்று சிங்களத்தில் சொன்னான். நாளைக்கு வர வேண்டுமாம்! இன்னொரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் என் பெயரையும் வெட்டிவிடுவார்கள். அவனை மனதாரத் திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இறம்பொடை வளைவுகளில் பஸ் முக்கி முனகி ஏறும்போதுதான் முதன்முதலாகக் கண் துடித்தது. இமைக்குள் ஏதோ நெளிகிற மாதிரி இருந்தது.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காவிடம் சொன்னேன்.

"எடது கண்ணா? அப்ப ஒம் புருசன் வந்துருவாருடி. மொதல்ல சாப்புடு" என்று சோற்றைப் போட்டு வைத்தார்.

அவரைப் பிடித்துப் போன பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. அதுவரை பாலில்லாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணியிலேயே உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கண் துடிக்கத் துடிக்க எனக்குத் தெம்பு வந்தது. துடிப்பு சற்று ஓய்ந்தால் நெஞ்சு அடைக்கும். மறுபடி துடித்தால்தான் மூச்சு வரும்.

ஆனால் பார்வை மங்கத் தொடங்கியது. மலையில் பனிமூட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெயில் அடித்த நாளிலும் கொழுந்து கலங்கலாகவே தெரிந்தது. முத்தல் இலையைக் கிள்ளிக் கூடை நிறையப் போட்டிருக்கிறேன். கணக்கப்பிள்ளை அள்ளி என் காலடியில் எறிந்தார்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? போய் மருந்து வாங்கிட்டு மலைக்கு ஏறு!"

தோட்டத்து டாக்டரய்யா யாழ்ப்பாணத்துக்காரர். இமையை விரித்துப் பார்த்தார்.

"நித்திரை கொள்ளுறேல்லையே பிள்ளை? உதுக்கு மருந்தில்லை. யோசிச்சு யோசிச்சுக் கண்ணைக் களைக்க வச்சிருக்கிறாய். நல்லா நித்திரை கொள், துடிக்கிறது நிண்டுடும்."

நின்றுவிடுமா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வருவார் என்று சொல்ல எனக்கிருந்தது அந்த ஒரு கண்தான். அதையும் நிறுத்தச் சொல்கிறாரே இந்த மனுஷன்! அன்றிலிருந்து தூக்கத்தை விரட்டினேன். அடுப்பில் சாயத்தண்ணி காய்ந்துகொண்டே இருந்தது. கண் சிவந்து நீர் வடிந்தது. துடிப்பு மட்டும் நிற்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கண் துடிக்கவில்லை. விரலால் தட்டினேன், கசக்கினேன். அசையவே இல்லை.

"ஏங்க்கா என்னைய எழுப்பல?" என்று அக்காவிடம் கத்தினேன்.

"தூங்குனவள எதுக்குடி எழுப்பணும்?"

"கண்ணு நின்னுபோச்சுக்கா! அவருக்கு என்னமோ ஆயிருச்சு!"

அக்காவின் முகம் செத்துவிட்டது.

மறுநாள் மலையிலிருந்து இறங்கும்போது, ரோட்டில் ஓர் ஆள் வருவது கலங்கலாகத் தெரிந்தது. லயத்து நாய் குரைத்தது. அந்த ஆள் பாதையை விட்டு ஒதுங்கினார். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சாட்சி இல்லையென்று விட்டுவிட்டார்களாம். கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீ நல்லாத்தானே இருக்க?"

"எனக்கென்னங்க?"

"இல்ல... உள்ள போன நாள்லேருந்து எனக்கு எடது கண்ணு ஓயாம துடிச்சுச்சு. ஆம்பளைக்கு ஆகாதுல்ல? நீ செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டேன். சோத்துல கையே வைக்க முடியல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கவலை, ஒரே தூக்கமில்லாத கண். அதை நம்பி நான் சாப்பிட்டேன். அதையே நம்பி அவர் பட்டினி கிடந்திருக்கிறார்.