நான்கு பிளக், நான்கு பொட்டு

ஸ்பார்க் பிளக் வாங்க நான் கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் என் பின்னால் எட்டிப் பார்ப்பார், கூட ஆம்பளை யாராவது வருகிறார்களா என்று. யாரும் வரமாட்டார்கள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்ப்பார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கார் என் சம்பளத்தில் வாங்கியது. பழைய சின்னக் கார்தான். எடமலைப்பட்டி புதூரில் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரும் நானும் சேர்ந்து அதற்கு டர்போ பூட்டினோம். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும், வேகம் பிய்த்துக்கொண்டு போகும். கூடவே சூடும் ஏறும். காரோடு வந்த பழைய பிளக் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் கார் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. ஸ்ரீரங்கம் பஸ் அத்தனையும் பின்னால் ஹாரன் அடிக்க, என் கணவர் ஆபீஸ் சட்டையோடு இறங்கித் தள்ளினார்.

"இன்னொரு தடவ நடுரோட்டுல நின்னுச்சுன்னா வித்துடுவோம். பொன்மலைல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றார். நானும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்புறம் ஒரு வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும் பிளக் வேண்டும், பழையதைவிட ஒரு படி குளிர்ந்தது. கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து வைத்தார். "இது இரிடியம் பிளக்கும்மா, கண்ண மூடிக்கிட்டு போடுங்க" என்றார். எத்தனையாவது நம்பர் என்று கேட்டேன். "நம்பர் கூடினா சூடு கூடும்மா, அவ்ளோதான்." அந்தக் கம்பெனி பிளக்கில் நம்பர் கூடினால் குளிர்ச்சி கூடும். வேறொரு கம்பெனியில் அப்படியே தலைகீழ். முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் மனுஷனுக்கு இது தெரியவில்லை, தெரிந்த என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கல்லாவின் முன்னாலேயே நின்று கத்தினேன். கடைசியில் நான் கேட்ட நம்பரே உள்ளேயிருந்து வந்தது.

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பிளக்கின் முனை இடைவெளியையும் நானே அளந்து குறைத்தேன். டர்போ காற்றழுத்தத்தில் இடைவெளி அதிகம் இருந்தால் தீப்பொறி தாண்டாது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும், மிக்ஸியோ போனோ, சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் வைக்காமல் எடுக்கமாட்டோம். பிளக்கையும் வைத்தேன். நான்கின் வெள்ளைப் பீங்கானிலும் சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், "அக்கா, இது..." என்று ஆரம்பித்தார்.

"தம்பி, ஒரு வார்த்த பேசக்கூடாது. எல்லாம் நான் பாத்துதான் வச்சிருக்கேன். குடுத்தத குடுத்தபடி மாட்டுங்க, போதும்."

மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வையம்பட்டியில் என் கணவரின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். ஊருக்குள் கார் பூப்போலப் போனது. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மணப்பாறைக்கு முன்னால் ஒரு லாரியைத் தாண்ட அழுத்தினேன், அவ்வளவுதான். கார் விக்கல் எடுத்தது. எஞ்சின் விளக்கு மின்னியது. இரண்டு தடவை உதறி ஓரத்தில் நின்றது.

அவர் இறங்கி, தள்ளுவதற்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். கோபம் வந்தால் என் வாயிலிருந்து முதலில் மரியாதைதான் போகும். "என்னத்தடா மாட்டின நீ? ஒழுங்கா முறுக்கினியா இல்லையா? உன்ன நம்பினேன் பாரு" என்று இன்னும் என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கயே இருங்கக்கா, வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அத்தனை தூரம் பைக்கில் வந்தார். ஒரு பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனை சுத்தமாக இருந்தது. இடைவெளியும் சரி. பொட்டு இருந்த இடத்திலிருந்து பீங்கானின் மேல் தலைமுடிபோல ஒரு கருப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது. டர்போ அழுத்தம் ஏறியதும், முனைக்குப் போகவேண்டிய மின்சாரம் என் குங்குமத்தைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே ஓடியிருக்கிறது. நான்கிலும் அதே கோடு. கடைக்காரர் மேல் பழிபோட முடியாது, கம்பெனி மேலும் முடியாது. பொட்டு வைத்தது என் விரல்.

அப்போதும் என் வாய் அடங்கவில்லை. "பாத்தீங்கள்ல? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல விட்டீங்களாக்கா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "சாமிகிட்ட வச்சது வேற. நானா எப்படித் துடைக்கிறது?"

நான் தூக்கிப்போடச் சொல்லியிருந்த பழைய பிளக்குகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மாட்டிவிட்டு, மெதுவாகப் போங்கள், அழுத்தாதீர்கள் என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வையம்பட்டிக்கு வாங்க என்று மட்டும் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். விற்கும் பேச்சை என் கணவர் எடுக்கும்வரை பொறுக்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்.

"போன் பண்ணுங்க அந்தப் பொன்மலைக்காரருக்கு. நின்னுடுச்சுல்ல? வித்துடுங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எதுக்கு விக்கணும்? வண்டில ஒரு கோளாறும் இல்லியே."