யாருக்கு நார்மல்?

ரத்தம் எடுக்கிறவன் வாசலில் வந்து நின்றால், எந்த வீட்டிலும் மனசார "உள்ளே வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். ஊசியைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும் அன்பர்களே, ஊசி பிடித்திருப்பவனும் உங்கள் கட்சிதான். என் அப்பா நாற்பதைத் தாண்டியதும் ஒருநாள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. எனக்கும் நாற்பது நெருங்க நெருங்க, படியேறி மூச்சு வாங்கினாலே அப்பா ஞாபகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் தாம்பரத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். நகரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்காக எங்கள் லேபைப் பிடித்தார். இதயம் ரத்தத்தை இறைப்பதோடு நில்லாமல் ஒரு ஹார்மோனும் சுரக்கிறதாம். இதயத்துக்குச் சிரமம் கூடினால் அதுவும் கூடுமாம். அதை அளக்கும் கிட் வெளிநாட்டிலிருந்து வந்தது. இந்த எண்ணுக்குள் இருந்தால் நார்மல் என்று உள்ளே ஒரு தாளும் இருந்தது. அது வெள்ளைக்காரர்கள் ரத்தத்தில் பார்த்த நார்மல், நம் ஜனங்களுக்கும் அது பொருந்துமா என்பதுதான் டாக்டரம்மாவின் சந்தேகம். அதற்கு நோய் இல்லாதவர்களின் ரத்தம் வேண்டும். ஒரு நோயும் இல்லாதவர்களிடம் போய் ரத்தம் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஐஸ் பெட்டி

இந்த ரத்தத்துக்கு உபசாரம் அதிகம். கொடுக்கிறவர் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எடுத்ததும் ட்யூபை ஐஸில் புதைக்க வேண்டும். பல்லாவரத்தில் தோல் கம்பெனித் தொழிலாளி ஒருவரை அவர் வீட்டிலேயே பாய் விரித்துப் படுக்க வைத்தேன். மீன் கடையில் வாங்கிய ஐஸைப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈ மொய்க்கிறதென்று அவர் வேட்டியை முகம் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்த அவர் மனைவி அப்போதுதான் திரும்பினார். பார்த்தார், பையைப் போட்டார், போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. சத்தம் கேட்டு அவர் எழுந்து உட்கார, அந்தம்மா இன்னும் பலமாக அலறினார். கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டிருந்தது. மூச்சு திரும்பியதும் அந்தம்மா கேட்டார்: "இன்னா சார் நீ, ஆளைப் படுக்கப் போட்டு மூடிட்டு, பக்கத்துல ஐஸு வாங்கி வச்சிக்கினு குந்திகினுகீறே, நான் இன்னான்னு நெனைக்கிறது?"

எந்தப் பக்கம்

அதே ஊரில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர் ஒருவர் தாமாகவே முன்வந்தார். வெள்ளைக்காரர் அளவு வேறு, நம் அளவு வேறாக இருக்கலாம் என்று படுத்திருந்தவரிடம் விளக்கினேன். அதுவரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். அண்ணனை இதய நோய்க்குப் பறிகொடுத்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "கிராண்ட்ஃபாதர் ஸ்காட்லாந்து, கிராண்ட்மதர் பல்லாவரம். என் ஹார்ட் யாரு பக்கம் மேன்?"

முதல் ரத்தம்

புதுக் கிட்டைப் பிரித்தால் முதலில் லேப் ஆட்களின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்படித்தான் என் ரத்தமும் போயிருந்தது. முடிவு வந்த அன்று தாளைத் திறக்கவே பயமாக இருந்தது. எண் நார்மலுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் போய் என் மனைவி சாந்தியிடம் பெருமையடித்தேன். அவள் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப நாளையிலேர்ந்து தண்ணிக் குடத்தை நீங்களே தூக்கலாம்."

தனிப் புள்ளி

எல்லா முடிவுகளும் வந்தபின், லேப் ஆட்களின் எண்களையும் சேர்த்து, டாக்டரம்மா கிராஃப் போட்டுக்கொண்டு வந்தார். மேலே ஒரு கோடு, அதுதான் கிட்டோடு வந்த தாள் சொன்ன எல்லை. நம் ஆட்களின் புள்ளிகளெல்லாம் வெகு கீழே கூட்டமாகக் கிடந்தன. கோட்டுக்குச் சற்றே கீழே ஒரே ஒரு புள்ளி தனியாக நின்றது. யார் இது என்றார். நான்தான் என்றேன். தாள்படி நான் நார்மல்தானே மேடம் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்: "தாள்படி நார்மல்தான். ஆனா நம்ம ஆளுங்க யாருமே அங்க இல்லையே, நீங்க மட்டும் அங்க என்ன பண்றீங்க?"

பட்டை

பி.பி. பார்த்து, சரியாக இருந்தால்தான் ஒருவரை ஆராய்ச்சியில் சேர்ப்போம். என் ரத்தம் கிட்டைச் சோதிக்கப் போனது, ஆராய்ச்சிக்கு அல்ல. அதனால் எனக்கு யாரும் பார்க்கவில்லை, நானும் பார்த்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா அங்கேயே என் கையில் பி.பி. பட்டையைச் சுற்றினார். பார்த்துவிட்டு மறுபடியும் காற்றடித்தார். எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது. ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. பல வருஷமாகவே இருந்திருக்கும், இதயம் வெளியில் தெரியாமல் முக்கி முனகிக்கொண்டிருக்கிறது என்றார்.

மாத்திரையோடு வீட்டுக்குப் போய், தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். சாந்தி குடத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஊர்ல எல்லாருக்கும் பி.பி. பார்த்துட்டுத்தானே ரத்தம் எடுத்தீங்க, நீங்க மட்டும் என்ன, கிட்டோட ஃப்ரீயா வந்தவரா?"

மாத்திரை புண்ணியத்தில் அப்பாவின் வயதைத் தாண்டிவிட்டேன் என்றாலும், அந்தத் தாளை அச்சடித்த ஊரில் நான் அன்றைக்கே முழு ஆரோக்கியசாலிதான். என்ன செய்வது, குடியிருப்பது தாம்பரம் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்தில்.